அவிட்டம் முதல் ரேவதி வரை

பாகூரில் வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "ஆண்டாளக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். மேஸ்திரி தப்பாகச் சொல்லலாம், தரகர் பொய் சொல்லலாம், அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேரை அவள் சும்மா வாங்கவில்லை.

ஏரிக்குப் போகிற சாலையில் அவள் வீட்டுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. அவள் வீட்டில் கீழே மூன்று போர்ஷன், மாடியில் அவளும் அவள் வீட்டுக்காரர் பலராமனும். பலராமன் அண்ணன் நெல்லும் கரும்பும் போடுகிறவர். கழனியில் எந்த மடையில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். தன் வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் மாடியைக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார். வாடகை விஷயம் முழுக்க அக்காவின் ராஜ்யம். புதிதாகக் குடிவருகிறவர்களின் ஆதார் அட்டையை நகல் எடுக்க என்னிடம்தான் வருவாள். "ஸ்டெல்லா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வர மாதிரி எடுடி" என்று சொல்லிவிட்டு, கடை ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பிப்பாள்.

நல்ல பாடங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். வீடு கேட்டு வருகிறவர்களின் பேச்சை வைத்து அவள் முடிவு செய்வதில்லை. இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். "இந்தப் பக்கமா வந்தேன், தாகமா இருக்கு" என்று தண்ணீர் கேட்பாள். தண்ணீர் வருவதற்குள் அடுப்புக்குப் பின்னால் சுவர் எந்த நிறத்தில் இருக்கிறது, பாத்ரூம் கதவு அடியில் ஊறிப் போயிருக்கிறதா, கொடியில் ஈரத்துணி அப்படியே சுருட்டிக் கிடக்கிறதா, எல்லாம் பார்த்துவிடுவாள். தண்ணீரைக் குடிப்பதும் குடிக்காததும் அப்புறம்.

சுவரில் ஆணி அடிக்காதே என்று வெறும் வாயால் சொன்னால் எவனும் கேட்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு அறையிலும் அவளே பலகை பதித்துக் கொக்கி வைத்துக் கொடுத்திருந்தாள். ஒரே தொட்டி வைத்தால் மூன்று குடும்பமும் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் என்று மூன்று தனித் தொட்டி. சொந்தக்காரர்களுக்கு வீடு கிடையாது. "கேக்கவும் முடியாது, கேக்காம இருக்கவும் முடியாதுடி" என்பாள். குடிவருகிறவர்கள் பால் காய்ச்சும்போது தவறாமல் போய் நின்று முதல் டம்ளரை வாங்கிக் குடிப்பாள். அதற்கப்புறம் மழைக்கு ஒழுகினாலும், பைப்பு உடைந்தாலும், நாம் கூப்பிடுவதற்கு முன் ஆளோடு வந்து நிற்பாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு இன்னொரு பெருமை உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருவரையும் 'காலி பண்ணு' என்று வாயால் சொன்னது கிடையாது. ஆள் சரியில்லை என்று பட்டால் சாயந்திரமாகப் போய் உட்கார்ந்து, "என் தம்பி பொண்ணுக்கு இங்க காலேஜ்ல சீட்டு கெடைக்கும் போல, எங்க தங்க வெக்கறதுன்னே தெரியல" என்று கவலைப்படுவாள். அவர்களே புரிந்துகொண்டு வேறு வீடு பார்ப்பார்கள். போகும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புதுத் துணி வைத்துக் கொடுத்து அனுப்புவாள். அந்தத் தம்பிப் பெண் அப்போது ஏழாவதுதான் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியும், தெருவில் பாதிப் பேருக்கும் தெரியும். சண்டை சச்சரவு இல்லாமல் ஆளைக் கிளப்புகிறாளே, கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டோம்.

அவள் சட்டங்களில் ஒன்று மட்டும் அடிபட்டுக் கற்றது. கடைசிப் போர்ஷனில் முன்பு ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. அவருடைய அம்மா ஒரு நாள் காலையில் காப்பி கேட்டது, காப்பி வருவதற்குள் போய்விட்டது. அன்றைக்குச் சதய நட்சத்திரம். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த ஐந்து நட்சத்திரத்தில் யாராவது இறந்தால் இறந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். அடைப்பு என்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. இருந்தாலும் எதிரே அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

வாத்தியார் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துப் பரிகாரம் செய்து, வெள்ளையடித்து, கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தும் ஆள் வரவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் என் கடைக்கு வந்து, "அது அடைப்பு போட்ட வூடுன்னு சொல்றாங்களே" என்று இழுப்பார்கள். நான் என்ன சொல்ல. கடைசியில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த கம்பெனிப் பையன்கள்தான் விவரம் தெரியாமல் வந்தார்கள். அந்த வீட்டு வாடகையை நம்பி அக்கா போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த வருஷம் தலைகீழானது. அதிலிருந்து யார் வீடு கேட்டு வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பெரியவங்க யாராச்சும் கூட இருக்காங்களா?"

முன் போர்ஷனைக் கேட்டு வந்த அருள்மொழியிடமும் அதைத்தான் கேட்டாள். அருள்மொழிக்கு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் புருஷன் ராஜேஷ் அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். "இல்லம்மா. எங்க அப்பா மட்டும்தான். அவரு ஊர்ல இருக்காரு" என்றாள். பொய் இல்லை. அவள் அப்பா அய்யனார், செல்லிப்பட்டில் ஆற்றோரம் ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டில் அவர் தம்பி நடேசன்.

அவர்கள் குடிவந்து வருஷம் திரும்புவதற்குள் பெரியவர் வந்து சேர்ந்தார். அரிசி ஆலைத் தவிட்டுத் தூசியில் காலமெல்லாம் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். இந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று கூட்டி வந்தார்கள். "ஒரு வாரந்தாம்மா" என்று அருள்மொழி மாடி ஏறிப் போய்ச் சொன்னாள். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றாள் அக்கா. ஒரு வாரம் ஒரு மாதமானது. அப்புறம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அக்காவைத் தவிர.

ஆனால் அவரை யாருக்கும் பிடிக்காமல் இருக்க முடியாது. எதற்கும் அனுமதி கேட்கிற மனிதர். "இந்த நாற்காலிய வெயில்ல போட்டுக்கலாமா தங்கச்சி?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். தொட்டி நிரம்பி வழிவதற்கு முன் மோட்டாரை நிறுத்திவிடுவார். வாசலில் விழுந்த வேப்பிலையை ஒரு மூச்சு வாங்கி ஒரு மூச்சு விட்டுப் பெருக்கித் தள்ளுவார். வேண்டாம் என்றால், "சும்மா குந்திகினு இருந்தா நெஞ்சு இன்னும் பிடிச்சிக்குது" என்பார். அக்காவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். காரம் குறைத்து மீன் குழம்பு வைத்து இறக்கிக் கொடுப்பாள். அந்தப் பிரியத்தில் நடிப்பு எதுவும் இல்லை. அதே சமயம் அவர் இருமும்போதெல்லாம் மாடியில் அவள் கை வேலை ஒரு நொடி நிற்கும். கீழே இருந்து பார்த்தால் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்கு மூச்சு முட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாளில் ராஜேஷ் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்க என் கடைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொல்றாங்க தம்பி?" என்றாள்.

"இனிமே மருந்துல ஒண்ணும் ஆவறதுக்கு இல்லியாம். நாலஞ்சு நாள் தாங்கினா பெரிசு, வூட்டுக்கு இட்டுகினு போங்க, பாக்க வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு இட்டுகினு வரோம்மா" என்றான்.

அவன் போனதும் அக்கா எழுந்து, என் கடைச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

"சனிக்கெழம அவிட்டம் பொறக்குது" என்றாள்.

"அதுக்கு இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள்.

மறுநாள் பெரியவரைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அருள்மொழி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். சாயந்திரம் அக்கா இட்லியோடு இறங்கிப் போனாள். அங்கே பேசியதைப் பின்னால் அவளே என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லிச் சொல்லி அழுதாள்.

"அருளு, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத" என்று தொடங்கியிருக்கிறாள். "பொறந்த மண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல. இந்த மாதிரி நேரத்துல ஆத்துக் காத்து, சொந்த ஜனங்க மொகம், எல்லாம் மனசுக்கு ஆறுதலா இருக்கும். நாலு பேரு வந்து பாக்கறதுக்கும் அங்கதான் தோது."

அருள்மொழி இட்லியைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். தம்பிப் பெண் கதையெல்லாம் அவள் காதுக்கும் எட்டியிருக்கும். "எப்பம்மா போணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம போனீங்கன்னா வண்டி சுளுவா கெடைக்கும்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை போனால் வண்டி சுலபமாகக் கிடைக்குமாம். எதைச் சொல்கிறோம் என்று தெரிந்தும் அப்படி ஒரு காரணம் அவள் வாயில் வந்தது. பெரியவர் காதிலும் விழுந்தது, கட்டில் பக்கத்தில்தானே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ராஜேஷும் நடுப் போர்ஷன் ஆளும் பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து வேனில் வைத்தார்கள். நான் கடையை விட்டு இறங்கிப் போய் நின்றேன். அவர் அந்த மூச்சிலும் இரண்டு கையையும் கூப்பி, "தங்கச்சி, உனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். அக்கா தட்டோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் ஒரு புது வேட்டி. காலி செய்து போகிற யாருக்கும் அவள் கொடுக்கிறதுதான். பழக்க தோஷத்தில் கொடுத்தாள். ஆனால் சாகக் கிடக்கிற மனிதனின் மடியில் புது வேட்டியை வைத்தால் என்ன அர்த்தம்? பிணத்துக்குத்தானே கோடித் துணி போடுவார்கள். அருள்மொழி அந்த வேட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. வேன் போன பிறகும் காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அவிட்டம் வந்தது, போனது. ரேவதியும் போனது. பெரியவர் சாகவில்லை.

டாக்டர் சொன்னது பொய்த்துவிட்டது. செல்லிப்பட்டில் கஞ்சி குடித்தார், எழுந்து உட்கார்ந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செய்தி கேட்டு எங்கள் தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அக்காவும் சந்தோஷப்பட்டாள், ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு அவளால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அவர் அந்த வாரம் இறந்திருந்தால், நல்லவேளை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். இப்போது, உயிரோடு இருக்கிற மனிதரைப் பிணம் என்று நினைத்து வெளியே தூக்கி வைத்ததுதான் மிச்சம்.

அருள்மொழி வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவைத் தனியே விட முடியாமல் செல்லிப்பட்டிலிருந்தே இரண்டு பஸ் மாறி வேலைக்கு வர ஆரம்பித்தாள். போர்ஷன் காலியாக நின்றது. ஆள் கேட்டு வந்தார்கள், அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. "இப்ப விடறதா இல்ல" என்று மாடியிலிருந்தே அனுப்பிவிட்டாள். வழக்கம்போல அவர்கள் என்னிடம் வந்து, "ஏன் பூட்டிக் கெடக்குது? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

"யாரும் சாகல" என்றேன்.

"அப்புறம் ஏன்?"

ஒரு தடவை அப்படிக் கேட்டபோது அக்கா என் கடைக்குள்தான் இருந்தாள். முகத்தை நாட்காட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பலராமன் அண்ணன் அதிகம் பேசாதவர். அவர் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "எனக்கும் ஒடம்பு முடியாம போச்சுன்னா பொறந்த ஊரு நல்லதுன்னு சொல்லி அனுப்பிடுவியா?" என்று கேட்டாராம். கிண்டலாகத்தான் கேட்டார். அவர் பிறந்த ஊர் பண்டசோழநல்லூர். அக்கா அன்றைக்கே என் கடைக்கு வந்து, "மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சிக்கறதுன்னு தெரியலடி ஸ்டெல்லா. என்கூட செல்லிப்பட்டு வரியா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனோம்.

பஸ் வில்லியனூரைத் தாண்டியது. அதற்கப்புறம், என்ன பேசுவது என்று என்னிடமே ஒப்பித்துப் பார்த்தாள். "அண்ணே, நான் பண்ணது பாவம். நீங்க எப்பவும் இருக்கலாம், எதுனாலும் அங்கியே நடக்கட்டும்." இதைச் சொல்லிவிடு, போதும் என்றேன்.

பெரியவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சி, வா வா. அருளு, யாரு வந்திருக்காங்க பாரு" என்றார். இடுப்பில் அக்கா கொடுத்த வேட்டி. அவள் பார்வை அங்கே போனதைப் பார்த்து, "நல்ல வேட்டிமா, கரை சாயம் போவல" என்றார் அவர். குத்திக் காட்டுகிற மனிதர் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அருள்மொழி டீ கொடுத்தாள். வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், அவ்வளவுதான். அலைச்சலில் பாதியாகிப் போயிருந்தாள்.

"அண்ணே, வந்துடுங்க. வூடு அப்படியே இருக்கு" என்றாள் அக்கா. ஒப்பித்து வைத்த மற்றதெல்லாம் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். "வரேன் தங்கச்சி. இது பஸ்ஸுல தூங்கி வழிஞ்சிகினு வருது, எனக்குப் பாக்கவே முடியல. ஆனா ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"சொல்லுங்கண்ணே."

"இங்க கோயில் குருக்களைக் கேட்டுட்டேன். அந்த அஞ்சு நட்சத்திரம் மாசா மாசம் வருதாம். அது வர்றப்ப நான் இங்க வந்து இருந்துக்கறேன். பக்கத்துல நடேசன் இருக்கான், ஒண்ணுன்னா பாத்துக்குவான். இது சொந்த வூடு, பூட்டினா பூட்டிட்டுப் போறோம். மத்த நாளெல்லாம் அங்க இருக்கேன். ஒனக்கும் பயம் இல்ல, இதுக்கும் அலைச்சல் இல்ல."

கழனிக்கு முறை வைத்துத் தண்ணீர் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அவர் குரலில் வருத்தமோ கோபமோ ஒரு துளி இல்லை. உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். நான் அக்காவின் தொடையில் கிள்ளினேன். இப்போது சொல்ல வேண்டும், வேண்டாம் அண்ணே என்று.

"உங்க இஷ்டம்ணே" என்றாள் அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அரியூர் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்னு சொல்ல வாய் வரலடி. ஏன் தெரியுமா? அவரு அதச் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அங்க அவரு எதிர்ல குந்திகினு, அப்பாடான்னு இருந்துச்சு. நானெல்லாம் ஒரு மனுஷியா?"

ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

அவர்கள் மறுபடியும் குடிவந்தார்கள். பால் காய்ச்சினார்கள். அக்கா போய் நின்று டம்ளரை வாங்கினாள், பாதிதான் குடிக்க முடிந்தது என்றாள். பெரியவர் பழையபடி நாற்காலியைக் கேட்டுக் கேட்டு வெயிலில் போட்டுக்கொண்டார். ஒரு வித்தியாசம், அவர் தலைமாட்டிலும் இப்போது ஒரு நாட்காட்டி தொங்கியது.

முதல் மாதம், அவிட்டத்துக்கு முந்தின திருவோணம் அன்று மத்தியானம் அவர் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். மாற்று வேட்டி, மாத்திரை, தண்ணீர் பாட்டில். ராஜேஷ் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. "போய்ட்டு வரேன் தங்கச்சி" என்றார் மாடியைப் பார்த்து. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவோ சொல்ல வந்தாள். "பத்திரமா போய்ட்டு வாங்கண்ணே" என்றுதான் வந்தது.

மறு மாதமும் அப்படியே. வீட்டுக்கு விலக்காகிற பெண்கள் மாதிரி ஒரு ஆண்பிள்ளை மாதத்தில் ஐந்து நாள் ஒதுங்கிப் போவதைத் தெருவே பார்த்தது. யாரும் அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர் மெச்சக்கூடச் செய்தார்கள். காட்டுக்குப்பத்தில் புதிதாக இரண்டு போர்ஷன் கட்டியிருக்கிற ஒருவர் என் கடையில் வைத்தே அவளிடம், "நல்ல ஏற்பாடா இருக்குதேக்கா, நாமளும் முன்னாடியே பேசி வெச்சிக்கலாம் போல" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்று அவள் சமைக்கவில்லை. பலராமன் அண்ணன் ஓட்டலில் பரோட்டா வாங்கிப் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டு விஷயமாக யார் யோசனை கேட்டு வந்தாலும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிவிடுவாள்.

பொங்கல் கழிந்து பனியில் பெரியவருக்கு மறுபடி முடியாமல் போனது. நாற்காலிக்கு வருவதே பாடு. பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அக்கா தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த மாதத் திருவோணம் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் இல்லை. காலையில் கடை திறக்கும்போதே வந்து, "இந்த வாட்டி அவரு போவக்கூடாதுடி. நான் சொல்லிடப் போறேன்" என்றாள். "சொல்லுக்கா" என்றேன்.

மத்தியானம் ஆம்னி வேன் வந்து நின்றது. ராஜேஷ் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். அருள்மொழி அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து வாசல் கேட்டுக்கு முன்னால் நின்றாள். செருப்புகூடப் போடவில்லை.

"அண்ணே, நீங்க போவ வேணாம். இங்கியே இருங்க. நட்சத்திரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எது வந்தாலும் இங்கியே வரட்டும்" என்றாள். அவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பெரியவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். சிரித்தார். "நெசமாத்தான் சொல்ற. தெரியுது."

"இருங்கண்ணே."

"நான் இருந்துடுவேன். நீ தூங்க மாட்ட." மாடியைக் கை காட்டினார். "நான் இருமுறப்பல்லாம் மேல நீ எழுந்து நிக்கற சத்தம் எனக்குக் கேக்குது தங்கச்சி. எப்பவும் கேட்டுச்சு. எதுக்கு ரெண்டு பேருக்கும் கஷ்டம்?"

இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. அது உண்மை. காலையில் என்னிடம் சொன்னபோதும் அவள் கண் நாட்காட்டியில்தான் இருந்தது. அவள் அருள்மொழியின் கையைப் பிடித்தாள்.

"நீயாச்சும் சொல்லு அருளு. அப்பாவ இருக்கச் சொல்லு."

அருள்மொழி தோளில் இருந்த பையை வேனுக்குள் வைத்தாள். அப்பாவின் காலைத் தூக்கி உள்ளே வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பிறகுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வுடுங்கம்மா" என்றாள். "உங்க வூடு."

வேன் ஏரிச் சாலையில் திரும்பி மறையும்வரை அக்கா அங்கேயே நின்றாள். நான் சாலையைக் கடந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கேட்டையும் மூடவில்லை.